மாரடைப்புக்குப் பிறகு நடக்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வேலூரிலிருந்து அமிர்தி போகும் வழியில், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நகரத்துக்குள் சி.எம்.சி. இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தப் பக்கத்து மக்களுக்கு இடம் உண்டு. ஆஞ்சியோ, ஸ்டென்ட், நாலைந்து நாள் வார்டு, பிறகு டிஸ்சார்ஜ். குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சில வீடுகளில் ஆளைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. குடிக்கிற தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், இரண்டு வாரத்தில் தோல் பதனிடும் டேனரிக்குப் போய் ஈரத் தோலைத் தூக்குகிறவரும் இருக்கிறார். கூலி நின்றால் அடுப்பு எரியாது என்பது அவர் கவலை. முன்னவரைப் பாசம் கெடுக்கிறது, பின்னவரை வறுமை கெடுக்கிறது. இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: அளவு சொல்லித் தரப்பட்ட நடை.

அட்டாக் வந்த இதயத்துக்கு முழு ஓய்வுதானே நல்லது?

ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். இறந்துபோன இதயத் தசை தழும்பாக மாறச் சுமார் ஆறு வாரம் ஆகிறது என்பதை 1930-களின் இறுதியில் கண்டறிந்ததும், அத்தனை வாரமும் நோயாளி படுத்தே கிடக்க வேண்டும் என்று விதித்தார்கள். சாப்பாடு ஊட்டிவிட்டார்கள். புரண்டு படுக்கவும் ஆள் வைத்தார்கள். பலர் இதயத்தால் சாகவில்லை. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்ச் செத்தார்கள்.

பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கடும் எதிர்ப்புக்கு நடுவில் செய்த அந்தச் சோதனையின் முடிவு 1952-ல் வெளியானது. உட்கார்ந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். 1955-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைப் பார்த்த பால் டட்லி ஒயிட் என்ற மருத்துவர் அவரைப் படிப்படியாக நடமாட வைத்தார். மறு ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

இன்று சிக்கல் இல்லாத மாரடைப்பு என்றால், ஓரிரு நாளில் கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, பிறகு கழிவறை வரை, பிறகு வராந்தாவில் என்று மருத்துவமனையிலேயே நடக்க வைத்துவிடுகிறார்கள். அங்கே நடந்துகொண்டிருந்தவரை வீட்டுக்குக் கூட்டிவந்து மறுபடி படுக்க வைப்பது, தேறிவந்த உடம்பைப் பின்னால் இழுப்பதுதான்.

நடந்தால் செத்துப்போன தசைக்கு உயிர் வருமா?

வராது. அப்படிச் சொல்லி யாராவது லேகியமோ கஷாயமோ விற்றால் வாங்காதீர்கள். இதயத் தசைச் செல்கள் புதிதாக உருவாகும் வேகம் மிகக் குறைவு: இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் அளவு, எழுபதைத் தாண்டினால் அதிலும் பாதி. ரத்தம் கிடைக்காமல் இறந்த இடம் தழும்பாகத்தான் ஆகும்.

ஆனால் இறந்த பகுதியைச் சுற்றி, சாகாமல் மரத்துப்போய் நிற்கிற தசையும் இருக்கிறது. அடைப்பைத் திறந்து ரத்தம் பாய்ந்த பிறகும் அது சில நாள், சில வாரம் வேலை செய்யாது. பிறகு மெல்லத் துடிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் டிஸ்சார்ஜ் அன்று எடுத்த எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 40 சதவீதம் என்று இருந்தவருக்கு, ஒன்றரை மாதம் கழித்து எடுத்தால் 48, 50 என்று வருவதுண்டு. இந்தப் பம்பிங் சதவீதத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நல்ல இதயத்துக்கும் அது 100 கிடையாது. 55 முதல் 70 வரை இருந்தாலே முழு ஆரோக்கியம். 40 என்றால் இதயம் 60 சதவீதம் செத்துவிட்டது என்று பொருள் அல்ல.

நடையின் வேலை எங்கே? மாரடைப்புக்குப் பிறகு இடது கீழறை விரிந்து உருமாறிப் போவது பெரிய ஆபத்து. சரியான உடற்பயிற்சி அந்த உருமாற்றத்தைத் தடுக்க உதவுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் நன்றாக விரிந்து கொடுக்கப் பழகுகிறது. கால் தசைகள் வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. அதே மாடிப்படிக்கு இதயம் முன்பைவிடக் குறைவாக உழைத்தால் போதும் என்றாகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு மூன்றும் குறைகின்றன.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஹேகோவ்ஸ்கி குழு பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்டது. நிலைமை சீரான நோயாளிகள், மாரடைப்பு வந்து ஒரு வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் இதய அறைக்கு அதிகப் பலன். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஈடாக ஒரு மாதம் கூடுதலாகப் பயிற்சி செய்ய வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கண்டது. ‘மூன்று மாதம் அசையாதே’ என்று சொல்லும் உறவினர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நடக்கும்போதே மறுபடி வந்துவிட்டால்?

இந்தப் பயம்தான் பலரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது. நார்வேயில் மூன்று இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகள் செய்த 1,75,820 மணி நேரப் பயிற்சியை 2012-ல் கணக்கெடுத்தார்கள். மிதமான பயிற்சியில் 1,29,456 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இதயம் நின்றது. மூச்சு வாங்கும் தீவிரப் பயிற்சியில் 23,182 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டுமே அரிது. ஆனாலும் மிதமான நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது; தானாக ஓட ஆரம்பித்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நடக்காமல் இருப்பதன் ஆபத்தையும் தராசில் வைக்க வேண்டும். 85 ஆய்வுகள், 23,430 நோயாளிகள் அடங்கிய தொகுப்பு 2021-ல் வெளிவந்தது. அதே தரவை வைத்து 2023-ல் செய்த அலசலில், பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு சிகிச்சை பெற்றவர்களிடம் இதய நோய் மரணம் சுமார் 26 சதவீதமும், மறுபடி மருத்துவமனையில் சேர்வது 23 சதவீதமும் குறைவாக இருந்தன. இவ்வளவு பலன் தரும் ஒரு மாத்திரை இருந்தால் எந்த மருத்துவரும் அதைச் சீட்டில் எழுதாமல் விடமாட்டார்.

எவ்வளவு நடப்பது? எப்படித் தொடங்குவது?

சிக்கலில்லாமல் டிஸ்சார்ஜ் ஆனவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது. முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் ஐந்து ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. இரண்டாம் வாரம் பத்து நிமிடம், இரண்டு வேளை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போய், ஆறாம் வாரத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம். அதை வாரத்தில் ஐந்து நாள் செய்தால் 150 நிமிடம் ஆகிறது, இலக்கு அதுதான். தொடக்கத்தில் சமதரையில் மட்டும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. நடையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தங்கிக் கிறுகிறுப்பு வரும்.

வேகத்தை அளக்க நாடித்துடிப்பை நம்பாதீர்கள். ‘220-லிருந்து வயதைக் கழி’ என்று கைபேசிச் செயலிகள் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாரடைப்புக்குப் பிறகு பெரும்பாலோருக்கு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை தருகிறார்கள். அது துடிப்பை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறது. அந்தக் கணக்கு காட்டும் எண்ணை எட்டவேண்டும் என்று வேகம் கூட்டினால் வம்பு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே நடங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, வேகம் சரி. நாலு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கிறதா, குறையுங்கள். பாட்டே பாட முடிகிறதா, கொஞ்சம் கூட்டலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பை விட்டு ஷூவுக்கு மாறுங்கள், வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். ஓய்விலேயே நெஞ்சுவலி வருகிறவர்கள், படுத்தால் மூச்சுத் திணறுகிறவர்கள், கால் வீங்குகிறவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் நடையைத் தொடங்க வேண்டாம். பம்பிங் மிகவும் குறைந்தவர்களுக்கும் பயிற்சி உண்டு. அதை மருத்துவக் கண்காணிப்பில் தொடங்க வேண்டும்.

டேனரியில் எட்டு மணி நேரம் உழைக்கிறேன். தனியாக எதற்கு வாக்கிங்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. பகல் முழுக்க உடம்பு நோக வேலை செய்கிறவரிடம் போய் ‘எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்றால் கோபம்தான் வரும். ஆனால் இதயத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. வேலையிடத்தில் கடுமையாக உழைத்தவர்களுக்கோ கூடின. காரணங்களைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை, டேனரிக்குள் நின்று பார்த்தாலே விளங்கும். டிரம்மிலிருந்து எடுத்த ஈரத் தோலைத் தூக்கும்போது ஆள் தன்னையறியாமல் மூச்சை அடக்குகிறார், பல்லைக் கடிக்கிறார். அந்த நொடியில் ரத்த அழுத்தம் விறுவிறுவென ஏறுகிறது. தூக்கிப் போட்டதும் இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறுகிறது. நடையில் அழுத்தம் மிதமாக ஏறி அரை மணி நேரம் சீராக நிற்கும், களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். வேலையில் நிறுத்த முடியாது. வேகத்தை நிர்ணயிப்பது உடம்பல்ல, மேஸ்திரி. புழுக்கம், ரசாயன வாடை, குனிந்த முதுகு, ஓவர்டைம், போதாத தூக்கம் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

ஷூ கம்பெனிப் பெண்களின் நிலை நேர்மாறு. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மாலைவரை கையும் ஒரு பாதமும்தான் அசைகின்றன. வீட்டுக்கு வந்து சமையல், பாத்திரம், துணி. ‘நான் உட்காருவதே இல்லையே’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் பத்து நிமிடம் தொடர்ந்தாற்போல் மூச்சு சற்றே வேகமாகும் அசைவு இருக்கிறதா? மாரடைப்பு வந்த ஆணை வாக்கிங் போகச் சொல்லும் குடும்பம், அதே நோய் வந்த பெண்ணிடம் ‘வீட்டு வேலையே போதும்’ என்று சொல்லிவிடுகிறது. இது அநியாயம். அந்த அரை மணி நேரத்தை அவருக்கு ஒதுக்கித் தருவது குடும்பத்தின் கடமை.

கணியம்பாடி ஒன்றியத்தில் நாகநதியை மீட்க நூறு நாள் வேலையில் நீர்செறிவுக் கிணறு வெட்டிய பெண்களை நாடே பாராட்டியது. அப்படி மண் வெட்டிச் சுமக்கும் வேலைக்கு, மாரடைப்பு வந்தவர் திரும்புவதாக இருந்தால் முதலில் டிரெட்மில் பரிசோதனை செய்து, மருத்துவர் அனுமதியோடு போக வேண்டும். அதுவரை கனம் குறைந்த வேலை கேட்டுப் பெறலாம்.

ஸ்டென்ட் நகர்ந்துவிடாதா?

நகராது. பலூனை மிகுந்த அழுத்தத்தில் ஊதி ஸ்டென்டை ரத்தக்குழாயின் சுவரோடு பதித்துவிடுகிறார்கள். நாளாக ஆக அதன்மேல் உள்தோல் வளர்ந்து மூடிவிடும். ஸ்டென்டுக்கு ஆபத்து நடையால் வருவதில்லை, மாத்திரையை நிறுத்துவதால் வருகிறது. ‘தினமும் நடக்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது’ என்று ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தானாக நிறுத்துகிறவர்கள் உண்டு. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அடுத்த மாரடைப்பு முன்னதைவிட மோசமாக இருக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கும் நடை உண்டு. ஆனால் நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதமாகும் என்பதால் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடமும் பேரக்குழந்தையும் உட்பட.

காலையா, மாலையா? வேலூர் வெயிலில் எப்படி?

மாரடைப்பு அதிகாலையில் கூடுதலாக வருகிறது என்பதால் காலை நடை ஆபத்து என்று ஒரு பேச்சு உண்டு. காலையிலும் பிற்பகலிலும் பயிற்சி செய்த இதய நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வசதிப்பட்ட நேரத்தில் நடக்கலாம். இங்கே நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது வெயில். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சூரியன் இறங்கிய பிறகு. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் வியர்வையும் சேர்ந்தால் அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பம்பிங் குறைந்தவர்களுக்கு அதிலும் அளவு உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் கழித்தே நடக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. அந்தப் பாதையில் நடக்கலாம். ஆனால் முதல் மாதத்திலேயே எட்டையும் முடிக்கிறேன் என்று இறங்க வேண்டாம்.

அமிர்தி அருவிக்குப் போய்வரலாமா?

வனவிலங்குப் பூங்காவைச் சுற்றிச் சமதரையில் நடக்கலாம். ஜவ்வாது மலையடிவாரத்தில் மர நிழல் இருக்கிறது, அவசரமில்லாமல் நடக்க நல்ல இடம். அருவிப் பாதை வேறு. பாறையும் ஏற்றமும் சமதரை நடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பைக் கேட்கும். வீட்டில் இரண்டு மாடி நிற்காமல் ஏறி, நெஞ்சு கனக்காமல் பேச முடிந்த பிறகு, துணையோடு போகலாம். குளிர்ந்த நீர் திடீரென்று தலையில் விழுந்தால் ரத்தக்குழாய் சுருங்கும். முதல் சில மாதம் அருவிக் குளியல் வேண்டாம்.

தாம்பத்தியத்துக்கும் அதே இரண்டு மாடிக் கணக்கு பொருந்தும். கேட்கக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் பயந்து ஒதுங்கி வாழும் தம்பதிகளுக்காக இதை எழுத வேண்டியிருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் எடுப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் உயிர்போகும் அளவுக்கு இறங்கும்.

யோகா செய்தால் போதாதா?

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. டாக்டர் துரைராஜ் பிரபாகரன் தலைமையில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் செய்த ‘யோகா-கேர்’ ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது. யோகா கற்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். மரணம், மறு மாரடைப்பு போன்றவற்றில் யோகா கற்றவர்களிடம் 6.7 சதவீதம், மற்றவர்களிடம் 7.4 சதவீதம் என்று சிறு வித்தியாசம்தான் இருந்தது. அதை வைத்து யோகா உயிர் காக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக, நடையோடு யோகா சேரட்டும். நடக்க இடமோ வசதியோ இல்லாத பெண்களுக்கு அது நல்ல தொடக்கம். மூச்சை அடக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி, தலைகீழ் ஆசனங்கள் முதல் மாதங்களில் வேண்டாம்.

வேலைக்குப் போகாவிட்டால் வருமானம்?

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருப்பவர்கள் உரிமையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். தகுதியுள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில், பம்பிங் 45 சதவீதத்துக்குக் கீழ் போன மாரடைப்பும் உண்டு. அதற்கு 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழியிருக்கிறது. எக்கோ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தக் கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் வேலை செய்து அட்டையே இல்லாதவர்கள்தான் பதினைந்தாம் நாள் தோல் தூக்கப் போகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்?

மாரடைப்பு வந்தவரை நேரத்தோடு சிகிச்சைக்குக் கொண்டுவருவதில் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்துப் பார்த்த தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றில், 2,420 நோயாளிகளிடையே ஓராண்டு மரணம் 17.6-லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2017-ல் வெளிவந்த முடிவு அது. ஆனால் பிழைத்தவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன? டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைக்கு வேளை உண்டு, மில்லிகிராம் உண்டு. நடைக்கு ‘வாக்கிங்’ என்ற ஒற்றைச் சொல், அதுவும் ஆங்கிலத்தில்.

வேலூருக்கு மறுவாழ்வு சிகிச்சை புதிதல்ல. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு உடைந்தவர் வேலைக்குத் திரும்ப வழிசெய்த மண்ணில், இதயம் நொந்தவருக்கும் அது கிடைக்க வேண்டும். பெரிய கருவிகள் தேவையில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். சர்க்கரை, அழுத்த மாத்திரை கொடுக்கப் போகும் ஊழியர் கையில், வாரவாரியாக நடை அளவு அச்சிட்ட தமிழ்த் தாள் ஒன்று இருந்தால் போதும். அரசு இதைச் செய்ய வேண்டும். அதுவரை டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள்: எத்தனை நிமிடம் நடக்கலாம், எதைத் தூக்கக் கூடாது, எப்போது வேலைக்குப் போகலாம்.

நடக்கும்போது நெஞ்சு வலித்தால்?

அங்கேயே நின்று, உட்காருங்கள். வீடு வரைக்கும் போய்விடலாம் என்று நடக்காதீர்கள். மருத்துவர் கொடுத்திருந்தால் சார்பிட்ரேட் ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள், உட்கார்ந்தபடியே; நின்றுகொண்டு வைத்தால் மயக்கம் வரும். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போகாதீர்கள். மலையடிவாரக் கிராமங்களில் வண்டி வரத் தாமதமானால், 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் அவசர அளவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் அது எங்கே இருக்கிறது, அங்கிருக்கும் செவிலியரின் எண் என்ன என்பதை நடையைத் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.